மிச்சக் காற்று

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். முன்னே நடந்ததைப் பின்னே சொன்னாலும் சொல்லிவிடுவேன். கல்லூரியில் மேடத்தைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். “நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிடுதோம்” என்று ஒரு பிள்ளை போனில் கேட்டாள். எனக்குப் போனில் பேச நாக்கு எழாது. எதிரே ஆள் இருந்தால் இன்னும் எழாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மேடத்தின் பெயரை நான் எழுதவில்லை. வாயால் ஒரு தடவைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை, இப்போது கையால் சொல்லவும் வரமாட்டேன் என்கிறது. பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். நான் அந்த ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைத்தவள்.

மெலிந்த ஆள். கஞ்சி போட்ட பருத்திச் சேலைதான் எப்போதும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். காபியைக் கையில் கொடுத்தால் உடனே குடிக்க மாட்டார். “எப்படி மேடம் இருக்கு?” என்று யாராவது ஆசையாகக் கேட்டால், “இன்னும் பாதி இருக்கே, முடிச்சிட்டுச் சொல்லுதேன்” என்பார். அவர் எதற்கும் சட்டென்று ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வாய்த்துடுக்கு. அவர் சொல்வார்: “மேடத்துக்கிட்ட மணி கேட்டுப்பாரு. மொதல்ல கடிகாரம் ஓடுதான்னு பாப்பாவ. பொறவு உன் கடிகாரத்தைக் கேப்பாவ. அதுக்குள்ள பஸ்ஸு போயிரும்.” மேடத்தின் காதில் விழும்படியாகவே சொல்வார். மேடம் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். “பஸ்ஸு போயிட்டுதான்னு பாத்தீங்களா அண்ணாச்சி?” என்று கேட்பார். அவ்வளவுதான்.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மேடத்தைச் சொல்ல முடியாது.

கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் பரங்கிக்காய்ப் பிஞ்சு மாதிரி உப்பியிருக்கும். ஒடுங்கின பக்கத்துக்குள் ஒரு சின்னத் தகடு. உப்பின பக்கத்துக்கு முன்னால், உள்ளேயே, சிலுவைபோல் வெட்டின இன்னொரு தகடு நிற்கும். குழாயிலிருந்து ஒரு வழி பம்புக்குப் போகும். பம்பு உள்ளே இருக்கிற காற்றை எடுக்கும். இரண்டு கம்பிகள் காயில் என்கிற மின்சாரப் பெட்டிக்குப் போகும். காயிலைப் போட்டால் சடசடவென்று பொறி தெறிக்கும். மேடம் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவார். அன்றைக்கு எனக்கு இரண்டு வேலை. ஒன்று, சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி அறையை இருட்டாக்க வேண்டும். இரண்டு, பம்புப் பக்கத்தில் நிற்க வேண்டும். கோவில்பட்டியில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? போனால் உடனே நான் ஒரு திருகைத் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் பம்பின் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். அதனால் எல்லா வருஷமும் நான் மிக அருகில் நின்று பார்த்தேன். என் பாக்கியம்.

காற்று முழுக்க இருக்கும்போது குழாயில் ஒன்றும் தெரியாது. எடுக்க எடுக்க, முதலில் நூல் மாதிரி ஒரு ஊதா வெளிச்சம் நெளியும். அப்புறம் குழாய் முழுக்க ரோஜா நிறத்தில் நிறைந்துவிடும். பிள்ளைகள் “ஐ!” என்று கையைத் தட்டுவார்கள். கல்யாண வீட்டுச் சீரியல் லைட்டெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. மேடம் இருட்டில் இருந்து சொல்வார்: “இதைப் பாக்க நாம வரல. பம்பு ஓடட்டும்.”

பம்பு டக்டக்கென்று ஓடும். அந்த ரோஜா நிறம் வரிவரியாகப் பிரியும். தகட்டுப் பக்கத்தில் ஒரு இருட்டுத் தோன்றும். அந்த இருட்டு வளரும், வெளிச்சத்தைத் தள்ளிக்கொண்டே போகும். நன்றாக இருந்ததும் போய்விட்டதே என்று பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்துவிடும். ஒருத்தி கொட்டாவி விடுவாள். அண்ணாச்சி, “இருந்த வெளிச்சத்தையும் கெடுத்துட்டாவ” என்று முணுமுணுப்பார். மேடம் மட்டும் அசைய மாட்டார். வெளிச்சம் எல்லாம் போன பிறகு, குழாயின் உப்பின பக்கம், கண்ணாடியே, இளம் பச்சையாக ஒளிரத் தொடங்கும். மிளகாய்ச் செடியின் குருத்து நிறம். அதன் நடுவில் சிலுவையின் நிழல் கறுப்பாக, ஓரம் வெட்டினாற்போல் விழுந்திருக்கும்.

அப்போதுதான் மேடம் பேசுவார். “அந்தச் சின்னத் தகட்டுல இருந்து ஏதோ கிளம்பி வருது. நேரா வருது. அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. குறுக்க ஒண்ணு நின்னா நிழல் விழுது பாத்தியளா, அதை வச்சுத்தான் தெரியும்.” காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோவார். நிழல் நகர்ந்து வளையும். நான் முதல் வருஷம் அதைப் பார்த்தபோது உடம்பு புல்லரித்துவிட்டது. அதற்குக் கேத்தோடு கதிர் என்று பெயர். தமிழ்ப் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

பிறகு ஒரு கதை சொல்வார். அந்தக் கதைதான் மேடத்தின் முழு குணமும் என்று எனக்குத் தோன்றும். ரொம்ப காலத்துக்கு முன்னால் வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் இந்தக் கதிர் என்ன என்று சண்டை போட்டார்களாம். வெளிச்சம் மாதிரி அலைதான் என்று ஒரு கட்சி. இல்லை, மின்சாரம் ஏறின துகள் என்று இன்னொரு கட்சி. துகளாக இருந்தால், மின்சாரம் ஏற்றின இரண்டு தகடுகளுக்கு நடுவில் போகும்போது வளைய வேண்டும். ஒரு கெட்டிக்காரர் அதைச் செய்து பார்த்தார். வளையவில்லை. ஆகவே துகள் இல்லை என்று சொல்லிவிட்டார். வருஷங்கள் கழித்து இன்னொருவர் குழாயில் இருந்து இன்னும் காற்றை எடுத்துவிட்டுப் பார்த்தார். வளைந்தது.

“மொதல்ல பாத்தவரு பொய் சொல்லல. சோம்பேறியும் இல்ல. குழாய்ல மிச்சக் காத்து இருந்துச்சு, அது குறுக்க நின்னு கெடுத்துச்சு. அவருக்கு அது தெரியல, அவ்வளவுதான்.”

அதுதான் அவர் வாயில் எப்போதும் இருந்த சொல். மிச்சக் காத்து. ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னால், “மிச்சக் காத்து இருக்கும், இன்னும் கொஞ்சம் பாப்போம்” என்பார். வாசலில் வருகிற சாமியார் கை பார்த்துச் சொன்னது அப்படியே பலித்தது என்று நாங்கள் வியந்தால், அதற்கும் அதே சொல். நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

இந்தக் குணத்தால் நான் அழுத காலம் ஒன்று உண்டு.

எனக்கு அப்போது தற்காலிக வேலைதான். அந்த வருஷம் நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் மானாவாரி நிலம். மழை உண்டென்றால் சோறு உண்டு. வீட்டுக்காரரும் நானும் இந்த வேலையைத்தான் மலைபோல் நம்பியிருந்தோம்.

பம்புக்கும் குழாய்க்கும் நடுவில் முதலில் ரப்பர்க் குழாய்தான் இருந்தது. மேடத்துக்கு அது திருப்தி இல்லை. ரப்பர் உள்ளுக்குள் காற்று விடுகிறது, அதனால் பச்சை மங்கலாக இருக்கிறது என்றார். மதுரையில் இருந்து கண்ணாடி ஊதுகிற ஆளை வரவழைத்து, ரப்பரை எடுத்துவிட்டு, அந்த வழி முழுவதையும் கண்ணாடியிலேயே போட்டார். பிள்ளைகள் மேசையில் இடித்துவிடுகிறார்கள் என்று குழாயைப் பலகையில் பொருத்திச் சுவரில் திருகினார். கனமான பம்பு, தரையில் சிமெண்டு மேடையில் உட்கார்ந்திருந்தது. அந்த வருஷம் பச்சை எப்படி இருந்தது தெரியுமா! மேடமே ஒரு வார்த்தை “நல்லாருக்கு” என்று சொன்னார். அவர் அப்படிச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஐப்பசியில் முதல் மழை ராத்திரி முழுக்க அடித்தது. காலையில் நான் ஆய்வுக்கூடத்தைத் திறக்கப் போனேன். கதவு இறுகிக் கிடந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தேன். உள்ளே குழாய் கழுத்தோடு முறிந்து, உப்பின பக்கம் தூள்தூளாகத் தரையில் கிடந்தது.

பின்னாலேயே அண்ணாச்சி வந்தார். “ஏட்டி! என்னட்டி செஞ்சே?”

“நான் தொடவே இல்லை அண்ணாச்சி. இப்பத்தான் உள்ள காலு வைக்கேன்.”

“துடைக்கேன் துடைக்கேன்னு தெனமும் அதுக்குப் பவுடர் போடாத குறைதானே. தட்டிவிட்டுட்டு இங்கன நின்னு முழிக்கே. இந்த ஊர்ல இனி இப்படி ஒரு குழாய் எங்க கிடைக்கும்?”

பிரின்சிபால் அம்மா அறைக்குக் கூட்டிப்போனார்கள். என்னைப்போல் வாய் திறக்காத ஆளைப் பார்த்தால் தப்புச் செய்தவள் மாதிரித்தான் தெரியும். பிரின்சிபால் அம்மா மேடத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இவதான் உடைச்சாளா?”

“தெரியாது” என்றார் மேடம்.

“அப்ப இவ உடைக்கலைன்னு சொல்லுதீங்களா?”

நான் மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருஷம் அந்தக் குழாயைப் பிள்ளையைத் துடைக்கிறமாதிரி துடைத்திருக்கிறேன், அதைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். இல்லை என்று ஒரு சொல் போதும்.

“அதுவும் தெரியாது” என்றார்.

அந்த நிமிஷம் தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பிரின்சிபால் அம்மா, “அப்படின்னா இவளை இன்னைக்கே நிறுத்திருவோம், வேற ஆளைப் பாப்போம்” என்றார். அதற்கு மேடம், “எனக்குத் தெரியாதுன்னுதானே சொன்னேன். தெரியாம எப்படி நிறுத்துவீங்க? நான் பாத்துச் சொல்லுதவரைக்கும் இருக்கட்டும்” என்றார். அப்படியாக, ஆய்வுக்கூடத்துக்குள் நுழையக்கூடாது, வராந்தாவைப் பெருக்கு என்று சொன்னார்கள். நிரந்தரம் பேச்சு நின்றுபோயிற்று.

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். “அந்தம்மா உன்னைக் காப்பாத்துனாவளா, கைவிட்டாவளா?” என்று கேட்டார். எனக்கே விளங்கவில்லை.

மேடம் உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி மேசையில் பரப்பிப் பார்த்தார். ஒவ்வொருவரையும் கேட்டார். என்னையும் யாரோ எவரோ போல நிறுத்திக் கேட்டார். எத்தனை மணிக்கு வந்தே, எந்தக் கையால் திறந்தே, சத்தம் கேட்டதா. கதவு இறுகியிருந்தது, தள்ளித் திறந்தேன் என்றேன். “ஏன் இறுகுச்சு?” என்று கேட்டார். அது ஒரு கேள்வியா?

அண்ணாச்சிதான் சிரித்தார். “மேடத்துக்கு ஆத்தங்கரை ஊரு. அங்கன செம்மண்ணு. கரிசல் கூத்து தெரியாது. வெயிலுக்கு மண்ணு வெடிச்சுப் பாளம்பாளமாப் போகும். மழை பெஞ்சா உப்பி மேல வரும். வீடு கட்டுனவன் பாடு என்னைக்கும் இதுதான். கோடையில என் வீட்டுக் கதவு தன்னால தொறக்கும், ஐப்பசியில ரெண்டு ஆளு சேந்து தள்ளணும். என் மாமியாருக்கு அதுல ஒரு சௌகரியம், மழைக்காலத்துல வந்தா திரும்பிப் போகமாட்டா.”

மேடம் சிரிக்கவில்லை. பம்பு உட்கார்ந்திருந்த சிமெண்டு மேடையைப் பார்த்தார். சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். சுவர்ச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

மறுநாள் பழைய மாதிரியே ஒரு கண்ணாடிக் குழாயைச் சுவர்ப் பலகைக்கும் பம்புக்கும் நடுவில் இறுக்கி மாட்டினார். காற்று எடுக்கவில்லை, காயில் இல்லை, வெறும் குழாய். சன்னல் துணியை விலக்கிவிட்டார். கதவைப் பூட்டிச் சாவியைப் பிரின்சிபால் அம்மாவிடமே கொடுத்தார். “அடுத்த மழை வரைக்கும் நான் உட்பட யாரும் உள்ள போகக்கூடாது” என்றார்.

அண்ணாச்சி, “கண்ணாடிக்கு விரதமா மேடம்?” என்று கேட்டார்.

மழை வரவில்லை. கரிசலில் மழையை நம்பி நாள் குறிக்க முடியுமா? வெயில் கொளுத்தியது. மண் மறுபடி வாய் பிளந்தது. எங்கள் நிலத்தில் முளைத்த உளுந்து வாடத் தொடங்கியது. வீட்டுக்காரர் வானத்தைப் பார்ப்பார், நானும் பார்ப்பேன். அவர் உளுந்துக்காகப் பார்த்தார். நான் ஒரு கண்ணாடிக் குழாய்க்காகப் பார்த்தேன். வராந்தாவைப் பெருக்கும்போது மேடம் எதிரே வருவார். “மழை வரும்ங்காவ மேடம்” என்று ஒரு நாள் தைரியமாகச் சொன்னேன். “வரட்டும், பாப்போம்” என்று போய்விட்டார். ஆறுதலாக ஒரு பார்வைகூட இல்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வெறுப்பே வந்தது, மறைக்க மாட்டேன்.

கார்த்திகையில் வானம் கறுத்தது. விடாமல் பெய்தது. ஓடைகளில் எல்லாம் தண்ணீர் ஓடியது. மழை விட்ட அன்று பிரின்சிபால் அம்மா சாவியோடு வந்தார். அண்ணாச்சி வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். பிரின்சிபால் அம்மா பூட்டில் சாவியைப் போடப் போனபோது, மேடம் கையை நீட்டித் தடுத்தார்.

“கதவைத் தொறக்காதீங்க. கதவை இடிச்சதுல உடைஞ்சுதுன்னு பொறவு ஒரு பேச்சு வரும். மொதல்ல சன்னல் வழியாப் பாருங்க.”

எல்லாரையும் சேற்றில் நடத்திக் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப்போனார். முதலில் பிரின்சிபால் அம்மா எட்டிப் பார்த்தார். அப்புறம் அண்ணாச்சி. அவர் விலகி, தலையைச் சொறிந்தார். “நீயும் பாரு” என்றார் மேடம். நான் பார்த்தேன். பூட்டின அறைக்குள், யாரும் தொடாமல், அந்தக் கண்ணாடி இரண்டாக முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மேடம் கடைசியாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“மண்ணு உப்பித் தரையைத் தூக்குது, சுவரு அப்படியே நிக்குது. நடுவுல கண்ணாடி. ரப்பரா இருந்தா வளைஞ்சு கொடுத்திருக்கும். ரப்பரை எடுத்துட்டுக் கண்ணாடி போட்டது நான். மிச்சக் காத்தே இருக்கக்கூடாதுன்னு பாத்தேன், காலுக்குக் கீழ இருந்த மண்ணைப் பாக்கல. குழாயை உடைச்சது நான்தான். இப்பச் சொல்லுதேன், இந்தப் பொம்பள உடைக்கல.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, “கரிசல்ல பொறந்து கரிசல்ல வளந்து, எனக்குத் தோணாமப் போச்சே தாயீ. பேசுனதை மனசுல வச்சுக்கிடாத” என்றார். அந்த மாதமே எனக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று. எங்கள் உளுந்தும் பிழைத்துக்கொண்டது.

ஆனால் மனசில் ஒரு முள் இருந்தது. நான் யாரையும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. மேடத்தை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கேட்டேன். மேசையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

“அன்னைக்கே உடைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். எம்மேல நம்பிக்கை இல்லையா?”

வழக்கம்போல இதற்கும் தெரியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

“இருந்துச்சும்மா. நிறைய இருந்துச்சு. நான் நம்புதேன்னு சொல்லியிருந்தா, அது என் பேச்சு. அண்ணாச்சி நம்பலைன்னு சொன்னா, அது அவரு பேச்சு. நீ சாகுதவரைக்கும் ரெண்டு பேச்சுக்கு நடுவுல நின்னிருப்பே. இப்ப அவரே சன்னல்ல எட்டிப் பாத்தாரு. இனிமே உன்னை யாரும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை.”

சொல்லிவிட்டு, நான் துடைத்த மேசையை விரலால் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். தூசி இருக்கிறதா என்று!

அப்புறம் ரப்பர்க் குழாயே திரும்ப வந்தது. வேறு ஒரு குழாயும் வாங்கினார்கள். பச்சை கொஞ்சம் மங்கல்தான்.

மேடம் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போய்விட்டார். போன வருஷம் உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். மதிய நேரம். கட்டிலில் சாய்ந்திருந்தார். வீடு நிறைய சொந்தக்காரர்கள். “ஒண்ணுமில்ல, சளிதான், சரியாயிரும்” என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அதற்கெல்லாம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தலைமாட்டில் இருந்த எக்ஸ்ரே படத்தை எடுத்துச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“இது நம்ம குழாய்ல இருந்து வந்ததுதான், தெரியுமா? அந்தக் கேத்தோடு கதிரை வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தப்பதான் இந்தக் கதிரைக் கண்டுபிடிச்சாவ. இதுவும் அதே மாதிரிதான். குறுக்க எது நிக்குதோ அதோட நிழலு.”

நெஞ்சுக்கூட்டின் ஒரு பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு தெரிந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.

“எல்லாரும் சரியாயிரும்ங்காவ” என்றார் மெதுவாக. “நீ என்ன நினைக்கே?”

சரியாகிவிடும் மேடம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குப் பிரின்சிபால் அம்மா அறையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

“தெரியலையே மேடம்” என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நோயாளியிடம் பேசத் தெரியாதவள் என்று நினைத்திருப்பார்கள். மேடம் படத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ரொம்ப நேரம் விடவில்லை. ஆடி கழிந்து அவர் போய்விட்டார் என்று தகவல் வந்தது.

இவ்வளவுதான் எனக்கு நினைவிருப்பது. இதில் பல தப்பு இருக்கும். இருட்டு எந்தத் தகட்டுப் பக்கம் முதலில் வரும், வெளிநாட்டில் முதலில் பார்த்தவர் எப்படிப் பார்த்தார், இதெல்லாம் பம்புப் பக்கத்தில் நின்று காதில் வாங்கினதுதான். மலர் போடுகிறவர்கள் தயவுசெய்து தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். கிழவி ஆசையாக எழுதியிருக்கிறாள், இருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். அந்தக் குழாய் இன்னும் அங்கே இருந்தால், ஒரு நாள் சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பம்பைப் போட்டு, அது பச்சைதானா என்று பார்த்துவிட்டு அச்சில் ஏற்றுங்கள். ரோஜா நிறம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.